காஞ்சனாவின் முதல் இருபது நிமிடம்

காஞ்சனா விசிலைப் பல்லில் கடித்தபடி குனிந்து குனிந்து கல் பொறுக்குகிறார். காலை ஐந்தரை. ஆந்திராவின் நகரி ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள இந்த மண் தரையில், ஆறு மணிக்குச் சிறுமிகளின் கபடி அணிக்குப் பயிற்சி. எட்டு மணிக்கு அவர் தறி ஓட்டப் போக வேண்டும்.

நூல் வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, அன்றைய பயிற்சியை எழுதி வைத்திருக்கிறார். முதல் இருபது நிமிடம் ஓட்டம், உடம்பை வளைத்தல். எண்ணிக்கையை மட்டும் தெலுங்கில்தான் சொல்வார், பள்ளிக்கூடத்துப் பழக்கம். பிறகு மூன்று மூன்று பேராகக் கணுக்காலைப் பிடிக்கும் பயிற்சி. "வரிசையில நிக்க வெச்சா உடம்பு ஆறிப்பூடும் சார்," என்றார், பயிற்சியைப் பார்க்கப் போன என்னிடம். ஆட்டம் கடைசியில்தான், அதுவும் கால்மணி நேரம். எவ்வளவு கெஞ்சினாலும் அட்டையைத்தான் காட்டுவார்.

முன்பு அவர் இப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், திருப்பதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், வேலை முடிந்து தாமதமாக வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டம் வேண்டாம், நேரே ஆடுங்கள் என்றார். கபடி பாடி எதிரணிக்குள் போன நளினியின் முழங்கால் திருகிக்கொண்டது. அணியிலேயே வேகமானவள். ஆபரேஷன் செய்தும் கால் முழுதாக மடங்கவில்லை. இப்போது திருச்சானூர் லாட்ஜ் ஒன்றில் உட்கார்ந்த வேலை.

"இருவது நிமிசம். மழையில நனைஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லுங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் போன அன்று பன்னிரண்டு பேருக்கான பயிற்சியை அட்டையில் எழுதியிருந்தார். ஐந்து பேர்தான் வந்தார்கள். அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது ஆறாவதாக ஒருத்தி வந்து நின்றாள். நளினியின் தங்கை யமுனா.

காஞ்சனாவின் முகம் வெளுத்துவிட்டது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அழுதுகினேதான் ஒத்துக்கிச்சி. நளினிக்காதான் போவச் சொல்லிச்சி."

அன்று இருபது நிமிடம் முப்பதாயிற்று. மற்றவர்கள் கோட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். காஞ்சனா யமுனாவின் முன்னால் மண்டியிட்டு, அவளது முழங்கால்களை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை என்று அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

"வுடுக்கா, எல்லாரும் நின்னுகினு கீறாங்க."

காஞ்சனா தலையாட்டினார். கையை மட்டும் எடுக்கவில்லை.