ஃபாதரின் புத்தகமும் கடைசி பெஞ்சும்

ஃபாதரின் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று சொன்னால் கோழி கோபித்துக்கொள்ளும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் டைப்பிஸ்ட் அம்மாதான். காகிதம் பறக்கும் என்று விசிறியே போடாத குருமட மாடி அறையில், பத்தொன்பது வருடமாக அவருடைய இறையியலை அடித்துக் கொடுத்துவந்தார். ஃபாதரைக் கேட்காமல் ஆயர்கள் சுற்றறிக்கை விடுவதில்லை. தேர்தல் நெருங்கினால் மந்திரிகளும் மூட்டுவலியை மறந்து அந்த மாடிப்படி ஏறுவார்கள்.

திருமணம் பற்றிய புத்தகம்தான் ஃபாதருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. விட்டுப்போன கணவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவரோடு வாழும் பெண்ணுக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது என்று அதில் கறாராக எழுதியிருந்தார். அதை மூன்று பிரதி எடுத்ததும் அம்மாதான். அவருடைய முதல் கணவர் கல்யாணமான எட்டாம் மாதமே கம்பி நீட்டியவர். வேறு ஊரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார். விவாகரத்துக்குச் சட்டம் சொன்ன பத்து வருடமும் காத்திருந்து, பிறகுதான் அம்மா ஒரு பஸ் கண்டக்டரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து தன் பகுதிப் பங்குக் கோயிலில் அவருக்குக் கடைசி பெஞ்சு. மற்றவர்கள் நற்கருணைக்கு வரிசையில் போகும்போது முழங்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர்க் குடும்பங்களையெல்லாம் அலசிய ஃபாதருக்குப் பக்கத்து மேஜைக்காரியின் குடும்பம் தெரியாது. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, கோபம்தான்.

அந்தப் பத்து வருடத்தை இரண்டாகக் குறைக்க ஒரு மசோதா வந்தது. கூடாது என்று ஃபாதர் குறிப்பு எழுதினார். அதை வாங்கிப்போக மந்திரியின் ஆள் கீழே காத்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் டைப்ரைட்டர் நின்றது.

“என்னம்மா, ரிப்பன் தீர்ந்துடுச்சா?”

“இல்ல ஃபாதர். பத்து வருஷம் காத்திருக்கிறது பெரிய சுமை இல்லன்னு எழுதியிருக்கீங்க. நான் காத்திருந்தவ. சுமைதான்.”

எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?”

“உங்க பதிலத்தான் நானே மூணு காப்பி அடிச்சேனே.”

ஃபாதர் கல்நெஞ்சக்காரர் அல்ல. தணிந்த குரலில் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை என் பூசைக்கு வாங்க. நற்கருணை நான் தர்றேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

கடைசி பெஞ்சின் பதினான்கு வருட ஏக்கம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அம்மா டைப்ரைட்டரில் பாதியில் நின்ற தாளைப் பார்த்தார்.

“இந்தக் குறிப்பு போகுமா ஃபாதர்?”

“அது வேற விஷயம்மா. அது எல்லாருக்கும்.”

“அப்போ நானும் அந்த எல்லாரோடயும் கடைசி பெஞ்சுலயே இருந்துக்கறேன்.”

மீதியைப் பிழையில்லாமல் அடித்து, கையெழுத்துக்காக அவர் முன்னால் வைத்தார். ஃபாதர் பேனாவைத் திறந்தார், மூடினார். மந்திரியின் ஆள் இரண்டு தடவை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் தடவை வந்தவரிடம், “நாளைக்கு வாங்க, இன்னும் எழுதி முடிக்கல,” என்றார் ஃபாதர்.