பிரின்சிபால் அறையில் ஒரு டீட்டெய்லிங்

1. முதல் கால்

"குட் மார்னிங், டாக்டர்" என்றேன்.

எதிரே இருந்தவர் டாக்டர் இல்லை. என் மகள் ஷீபா நாலாம் வகுப்பு படித்த ராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கூடத்தின் பிரின்சிபால். நான் மருந்துக் கம்பெனி ரெப். தாம்பரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே பையை மாட்டிக்கொண்டு பைக்கில் திரிந்து டாக்டர்களைப் பார்ப்பது, எங்கள் பாஷையில் 'கால்' போவது, என் பிழைப்பு. மேஜைக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் என் வாய் தானாக அப்படித்தான் திறக்கும்.

வாயோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். கையும் தன் வேலையைப் பார்த்தது. அசிடிட்டி மாத்திரை சாம்பிள் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

மேடம் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கா சார், உங்களுக்கா?"

"எனக்குத்தான் மேடம்."

"அப்ப உள்ள வைங்க."

நான் போன காரணம் இதுதான். ஷீபாவுக்கு வாசிப்பு வரவில்லை. பேச விட்டால் வீடே தாங்காது. புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதில் வாங்கி, தன் முறை வரும்போது அப்படியே சொல்லிவிடுவாள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் ஓடும். கிளாஸ் மிஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது: அடுத்த வருஷமும் அவள் நாலாவதிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வாடிக்கையாகப் பார்க்கும் குழந்தைகள் டாக்டர் ஒருவர் எங்களை ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா ஷீபாவோடு உட்கார்ந்து பரிசோதித்துவிட்டு, இது டிஸ்லெக்ஸியா, புத்தியில் குறை எதுவும் இல்லை என்றார். வாசிப்பைத் தனியாக, வேறு முறையில் சொல்லித் தர வேண்டும். அது வரும்வரை பரீட்சையில் கேள்வியை யாராவது படித்துக் காட்டினால் போதும், பதில் சொல்லிவிடுவாள். இதை ரிப்போர்ட்டாகவும் எழுதிக் கொடுத்தார்.

மேடம் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தார். "எங்க ஸ்கூல்ல இந்த வழக்கம் இல்ல சார்."

"கரெக்ட் மேடம்."

"ஒரு குழந்தைக்குப் படிச்சுக் காட்டினா, நாளைக்கு எல்லா பேரண்ட்ஸும் வந்து நிப்பாங்க."

"கரெக்ட்."

"வேற ஸ்கூல் பாத்துக்கறது அவளுக்கே நல்லது."

"கரெக்ட் மேடம்."

டாக்டர் எது சொன்னாலும் முதலில் 'கரெக்ட்' போடு, பிறகு மெதுவாக உன் மருந்துக்கு வா என்பது எங்கள் தொழில் பாடம். பயத்தில் முதல் பாதிதான் நினைவில் இருந்தது. என் பெண்ணை வெளியே அனுப்ப நானே ஒப்புதல் தந்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெளியே அட்டெண்டர் ஏழுமலை ஸ்டூலில் இருந்தார். "இன்னா சார், உள்ள போறப்ப மூஞ்சி நல்லாதானே இருந்துச்சு?"

"தண்ணி இருக்காண்ணா?"

சாம்பிள் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன்.

"அடுத்த தபா மத்தியானமா வாங்க சார். காலைல மேடம் பேஜார்ல இருப்பாங்க. சாப்ட்டு வந்தா கொஞ்சம் சாந்தமா இருப்பாங்க."

எந்த கிளினிக்கிலும் கம்பவுண்டரைப் பிடிப்பதுதான் என் முதல் வேலை. அது ஒன்றாவது ஒழுங்காக நடந்தது.

2. பீரோ கண்ணாடி

"என்ன சொன்னாங்க?" என்றாள் என் மனைவி மெர்சி.

"அவங்க சொன்னதெல்லாம் கரெக்டுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அடுத்த வாட்டி நானும் வரேன். ஷீபாவும் வரட்டும். வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாருங்க."

அந்தச் சமயம் கம்பெனி வயிற்றெரிச்சலுக்குப் புதிதாக ஒரு ஆன்டாசிட் சிரப் இறக்கியிருந்தது. புது மருந்து வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை, அதாவது டீட்டெய்லிங்கை, நான் பீரோ கண்ணாடி முன்னால் நின்று பழகுவேன். ஷீபா பின்னால் உட்கார்ந்து இட்லி தின்பாள். நடுவில் எனக்கு மறந்தால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

3. இரண்டாவது கால்

ஏழுமலை சொன்னபடி மத்தியானம் போனோம். மெர்சி சொன்னதால் பையை பைக்கிலேயே விட்டுவிட்டேன்.

இந்த முறை மேடம் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தார். "புரியுது. ஆனா இவ படிக்கற மாதிரி நடிக்கிறாளே. அது ஏமாத்தறதுதானே?"

என் வாய் 'க'வுக்குத் தயாரானது. மெர்சி என் ஷூவை மிதித்தாள். வாய் நின்றது. இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பதிலும் சேர்ந்து நின்றுபோனது.

ஷீபா என் முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த முகம். அப்பாவுக்கு வரி மறந்துவிட்டது.

"ஃபாஸ்ட் ரிலீஃப், டாக்டர்" என்று ஆரம்பித்தாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் டென் எம்எல். வயித்துக்குள்ள ஒரு ப்ரொடெக்டிவ் கோட்டிங் குடுக்கும். சுகர் ஃப்ரீ, மின்ட் ஃப்ளேவர். உங்க அடுத்த அஞ்சு பேஷண்டுக்கு எழுதிப் பாருங்க டாக்டர். ரிசல்ட் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மிஸ். அப்பா டெய்லி பீரோகிட்ட சொல்வாங்க."

"சும்மா ஒப்பிக்கிறியா, அர்த்தம் தெரியுமா? ரிலீஃப்னா என்ன?"

ஷீபா யோசித்தாள். "ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வந்தா அப்பாக்கு இங்க எரியும் மிஸ். இந்த மருந்தக் குடிப்பாங்க. உள்ள பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் இட்லி சாப்பிடுவாங்க. அதான் ரிலீஃப்."

மேடம் கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து நாலாம் வகுப்பு சயின்ஸ் புத்தகத்தை எடுத்து, வேரைப் பற்றி ஒரு பத்தியைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். ஷீபா தன் சொந்த வார்த்தையில் பதில் சொன்னாள். அடுத்த பத்தியை அவளையே வாசிக்கச் சொன்னார். விரல் முதல் வார்த்தையிலேயே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தப்புச் செய்தவள்போல இன்னொரு கையால் தன் காதைப் பிடித்துக்கொண்டாள். மேடம் காத்திருந்து பார்த்துவிட்டு, "போதும்மா" என்று புத்தகத்தை மெல்ல வாங்கி மூடினார்.

அந்தக் காதைப் பிடித்த கையைப் பார்த்ததும் என் நாக்குக்கு உயிர் வந்தது.

"மேடம், ஹாஃப் இயர்லி ஒண்ணு மட்டும் பாருங்க. மிஸ் கேள்வியப் படிக்கட்டும், இவ பதில் சொல்லட்டும். ரிசல்ட் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

மகளிடமிருந்து நான் திருடிய வரி. அதற்கு முன்னால் என்னிடமிருந்து அவள் திருடியது.

"மத்த பேரண்ட்ஸ் வந்து கேட்டா?"

"அந்தக் குழந்தைக்கும் தேவைன்னா படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றாள் மெர்சி.

மேடம் மெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு எக்ஸாம். அப்புறம் பாக்கலாம்." நாங்கள் கதவருகே போனபோது கூப்பிட்டார். "சார், அந்த ஸ்ட்ரிப் இன்னிக்குக் கொண்டு வரலையா? கிளாஸ் மிஸ்கிட்ட நான் பேசணும், எனக்குத் தேவைப்படும்."

4. பெல் அடிக்கும்வரை

பரீட்சை அன்று நான் பம்மலில் இருந்திருக்க வேண்டும். பள்ளி வாசலில் ஏழுமலையோடு நின்றிருந்தேன். செல்லில் ஏரியா மேனேஜர்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு முக்கியமான டாக்டருக்கு வெயிட்டிங், சார்."

ஃபோனை வைத்ததும் ஏழுமலை சிரித்தார். "டாக்டரம்மா எப்ப சார் வெளிய வருவாங்கோ?"

பெல் அடித்தது. ஷீபா ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு வந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மிஸ் ரொம்ப ஸ்பீடா படிச்சாங்கப்பா."

என் கை பைக்குள் மாத்திரையைத் தேடியது. "அப்புறம்?"

"எனக்கு மெதுவா படிச்சாதான் புரியும் மிஸ்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சரின்னு மெதுவா படிச்சாங்க. பப்ஸ் வாங்கித் தரீங்களா?"

அவ்வளவுதான். முழுப் பரீட்சைக்கும் மிஸ் அப்படியே படித்துக் காட்டினார். அடுத்த வருஷம் ஷீபா ஐந்தாவதுக்குப் போனாள், அதே பள்ளியில். சனிக்கிழமைகளில் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் போய், வாசிப்பும் மெதுவாக வந்தது. பைக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கடைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். அவள் முடிக்கட்டும் என்று நான் உருட்டிக்கொண்டே ஓட்டுவேன், பின்னால் வருகிறவன் திட்டுவான்.

எங்கள் தொழிலில் க்ளோசிங் என்று ஒன்றை ஒரு நாள் முழுக்க ஹோட்டலில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். என்ன வேண்டுமோ, அதைத் தரக்கூடியவரிடமே ஒரே வரியில் கேள். கேட்டுவிட்டு வாயை மூடு. புதுப் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் அந்த வகுப்பு எடுக்கிறேன். மிஸ்ஸிடம் ஷீபா கேட்டதை உதாரணமாகச் சொல்வேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். எனக்குத்தான் அது இன்னும் முழுசாக வரவில்லை. ஸ்ட்ரிப் பையிலேயே இருக்கிறது.