மாட்டைக் காட்டப் போன இடத்தில்

எழுபத்து மூன்றோ நான்கோ, வருஷம் சரியாக நினைவில்லை. காரிமங்கலத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. ஒரு சந்தை நாளன்று, பால் தராத மாட்டை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நோய் மாட்டுக்கு இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு எனக்குத் தலைப்பிரசவம். பிறந்த ஏழாம் நாள் குழந்தை போய்விட்டது. அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எங்கள் பக்கம் காரியம் எதுவும் கிடையாது. ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள், திரும்பி வந்து குளித்தார்கள், முடிந்தது. பெயர் வைக்காத குழந்தை என்பதால் அதைப் பற்றிப் பேசவும் ஒரு சொல் இல்லாமல் போனது. அழுதால் அடுத்தது தங்காது என்று என் மாமியார் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொன்னார். நானும் அழவில்லை. அழாமல் இருந்து இருந்து, கடைசியில் வேறு எதுவும் செய்யவும் தோன்றாமல் போயிற்று.

சோம்பல் என்றுதான் நானே நினைத்தேன். களி கிண்டினால் பாதியில் துடுப்பு நின்றுவிடும். தலை வாரி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாது. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. விடிந்தால் பயம், இன்னொரு நாளை எப்படித் தள்ளுவது என்று. நான் இல்லாமல் போனால் இந்த வீட்டுக்கு ஒரு பாரம் குறையும் என்று தோன்ற ஆரம்பித்தது. தினமும் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். மூன்று இடத்தில் மந்திரித்தார்கள், கையில் இரண்டு தாயத்து, இடுப்பில் ஒன்று. வேப்பிலை அடித்தவர், "யாருடி நீ, பேரைச் சொல்லு" என்று என்னை அதட்டினார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் மாடு பாலை அடக்க ஆரம்பித்தது. மாமியார் வீட்டில் கறக்கிற வேலை முதலிலிருந்தே என்னுடையது. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்களே, எங்கள் மாடு பேசிக் கறக்கிற மாடு. நான் உட்கார்ந்தால் வாய் ஓயாது. மாமியார் காலையில் என்ன சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி எதற்கு மூஞ்சியைத் திருப்பினாள், எல்லாம் மாட்டிடம்தான் சொல்வேன். பதில் பேசாத ஆள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். குழந்தை போன பிறகு நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். மாடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கால் படிகூடத் தரவில்லை. கண்ணேறு என்று சுற்றிப் போட்டும் பலனில்லை. என் வீட்டுக்காரர் கடலை மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்ததால், மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார் மாமியார்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மாட்டின் மடியை அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், சாணியைக்கூட விசாரித்தார். பிறகு யார் கறக்கிறது என்று கேட்டு, அங்கேயே கறந்து காட்டச் சொன்னார். கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, உட்கார்ந்து இழுத்தேன். நாலு பீய்ச்சு வந்தது, நின்றுவிட்டது. அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்னை எழுந்திருக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து மடியைத் தடவிவிட்டு, அவர் உட்கார்ந்தார். கன்னடத்தில் மாட்டிடம் என்னமோ பேசிக்கொண்டே கறந்தார். கன்னடம் என்றால் என்னவென்றே தெரியாத என் மாடு, காதை ஆட்டிக்கொண்டு முக்கால் சொம்பு பாலை இறக்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. மாடுகூட என்னைக் கைவிட்டது என்று நினைத்தேன்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. வந்ததுலேர்ந்து, கறக்கறதுக்குத் தவிர நீங்க அதும் மேல கையே வெக்கல, ஒரு வார்த்தை பேசல. உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒன்பது மாதமாக எல்லோருக்கும் சொன்ன பதில். கேட்பவர்களும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போகவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவசரம் எதுவும் இல்லாத மாதிரி நின்றார். வாசலில் இரண்டு ஆடும் ஒரு எருமையும் காத்திருந்தன.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. "காலையில கண்ணு முழிக்கவே வேணாம்னு இருக்குதுங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகுதான் எனக்கே பயமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம், அதுவும் மாட்டாஸ்பத்திரியில்.

அவர் பதறவில்லை. புத்தி சொல்லவும் இல்லை. என் சம்சாரத்துக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அந்த அம்மாள் அறையை விட்டு வரவில்லையாம். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், வாரத்தில் இன்ன கிழமை பார்க்கிறார் என்று சொல்லி, மாட்டுக்கு மருந்து எழுதுகிற சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டருன்னு ஊர்ல சொல்லுவாங்க. சொல்லட்டுங்க. இது சீக்கு, மாத்திரை இருக்குது. தனியா மட்டும் இருக்காதீங்க, இன்னிக்கே வூட்டுல சொல்லிடுங்க" என்றார்.

அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மத்தியானம் எங்கள் கடலைக் காட்டுக்குக் களி கொண்டுபோனபோது சொன்னேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். நான் இப்படி ஆனதற்கு அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். "சேலம் போவணுங்க. மாட்டுக்கில்ல, எனக்கு" என்று ஆரம்பித்து, விடிந்தால் என்ன தோன்றுகிறது என்பது வரை சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்த உருண்டையை அவர் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தது மட்டும் தெரிந்தது.

"நீ காட்டுக்கு வர நேரமானா எனக்கு ஈரக்குலையே நடுங்குது புள்ள. கேட்டா நெசமாயிடுமோன்னு கேக்காம இருந்தேன்" என்றார்.

அந்த வாரமே பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தால், பக்கத்தில் எல்லாம் என்னை மாதிரியே சாதாரண ஜனங்கள். ஒருவர் வேட்டி சட்டையில் வாத்தியார் மாதிரி இருந்தார். உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டார். பிறகு, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். ஒன்பது மாதத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். பெண் என்றேன். நான் அழுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார்.

மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் ஆகும், தான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லியனுப்பினார். முதல் இரண்டு வாரம் வாய் உலர்ந்து போனதும் தூக்கம் தூங்கினதும்தான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் ரசம் உப்பாக இருக்கிறது என்று நானே சொன்னேன். ருசி தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்த உப்பு ரசத்தை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார்.

இதோடு சரியாகிவிட்டது என்று முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மாதாமாதம் எதற்குச் சேலம் போகிறோம் என்று ஊர் கேட்டதற்கு, குழந்தை பாக்கியத்துக்கு வைத்தியம் என்று எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சொல்லி வைத்திருந்தோம். உடனே ஊருக்கே அக்கறை வந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் விசேஷம் உண்டா, குளிக்கப் போனால் விசேஷம் உண்டா. தாங்க முடியாமல், உடம்பும் தேறின மாதிரி இருக்கவே, மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை நான் ஒன்பது மாதம் காத்திருக்கவில்லை. நாலாம் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். திரும்பவும் பஸ் ஏறினோம். டாக்டர் திட்டுவார் என்று பார்த்தால், சீக்கிரம் வந்ததற்குப் பாராட்டினார்.

அதற்கடுத்த வாரம் பொதுக் கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல் விசேஷம் கேட்டாள். பக்கத்தில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தினார். ஊர் என்ன சொல்லுமோ என்று அந்தப் பொய்யை முதலில் சொல்லி வைத்ததே அவர்தான்.

"அவ வயித்துக்கு மாத்திரை திங்கல, மனசுக்குத் திங்கறா. கொழந்த செத்துச்சில்ல, அதுக்கு" என்றார். பிறகு குடத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஊர் கொஞ்ச நாள் பேசியது, பேசிப் பேசி அதற்கே அலுத்துவிட்டது. நான் சொல்ல வந்த அதிசயம் வேறு. அதன் பிறகு மூன்று பெண்கள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொருத்தியாக என்னிடம் வந்து அந்த டாக்டர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்டார்கள்.

ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன். பின்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கம்பவுண்டரிடம் ஒரு நன்றி சொல்லலாம் என்று நான் போவதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. எந்த ஊர் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நான் பிழைத்தது அவருக்குத் தெரியாது என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு குறைதான்.

என்ன ஆச்சு என்று அவருக்கு முன்னாலும் எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகும் நகராமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அதனால் இன்றும் முகம் வாடின யாரையாவது கண்டு என்ன என்று கேட்டால், அவர்கள் ஒன்றுமில்லை என்று சொன்னதும் நான் போய்விடுவதில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.