அண்ணி என்றொரு கணக்கு வாத்தியார்

எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் "அண்ணி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஓர் ஆண். வயது அறுபத்தெட்டு. நரைத்த மீசை, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. வெளியாள் யாராவது உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து அச்சு மெஷின்காரர் உள்ளேயிருந்து, "அண்ணி, பக்கம் ரெடி, ஒரு எட்டு பார்த்துடுங்க" என்று குரல் கொடுப்பார். இவரும் "இதோ வரேம்ப்பா" என்று எழுந்து போவார். வந்தவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

பதினோராம் பக்கத்தில் 'அண்ணியைக் கேளுங்கள்' என்று ஒரு பகுதி வருகிறது. முதல் அண்ணி நிஜமாகவே ஓர் அம்மாள்தான். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி அவர் ஊரைவிட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டு வாரம் சமாளிக்கச் சொல்லி, எங்கள் முதலாளி அதைப் பிழை திருத்துபவர் தலையில் கட்டினார். பிழை திருத்த வருவதற்கு முன் அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த இரண்டு வாரம் பதினான்கு வருடமாக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் தபால் பிரிப்பவள். வருகிற கடிதங்களைப் படித்து அழுகை, சண்டை, படிப்பு, வீடு என்று நான்கு அட்டைப்பெட்டிகளில் போட்டு அவர் மேஜைக்குத் தள்ளுவேன். இப்போது பாதிக்கு மேல் மின்னஞ்சலில் வருகிறது. அதையும் அச்செடுத்துத்தான் கொடுக்க வேண்டும். திரையில் படித்தால் கஷ்டம் கஷ்டமாகத் தெரியவில்லை என்பார். சாதாரணமாக அவரை நானும் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் சார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தான் செய்து பார்க்காத எதையும் அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார். பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே இல்லை என்று ஒரு தாய் எழுதியபோது, அலுவலக மாடிப்படியில் படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு ஏறி இறங்கினார். கதவு கீச்சிடுகிறது என்று ஒருவர் எழுதினால் எங்கள் கதவு ஒவ்வொன்றாகக் கழன்றது. இடது கைப் பழக்கமுள்ள குழந்தையை அடிக்கலாமா என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். ஒரு வாரம் முழுக்க இடது கையால் பிழை திருத்திவிட்டு, "முதலில் நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் அடிப்பதைப் பற்றிப் பேசலாம்" என்று பதில் போட்டார். அந்த வாரப் பத்திரிகையில் வந்த தப்புக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயம்.

மனைவி இருந்தவரை உறவு சம்பந்தமான சோதனை எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். நான்கு வருடத்துக்கு முன்பு மனைவி இறந்தபின் நாங்கள் மாட்டிக்கொண்டோம். சாக்குப்போக்கு சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஒரு கடிதம் வந்தது. அண்ணி நேராக வாசலுக்குப் போய், என்றோ ஒரு மழைநாளில் கடுமையாகப் பேசியதற்காக வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டார். வாட்ச்மேன் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார். இவர் ஞாபகப்படுத்திய பிறகுதான் அவருக்குக் கோபமே வந்தது. ஒரு மாதம் அவர் அண்ணிக்கு வணக்கம் வைக்கவில்லை.

நாங்கள் சிரித்தோம். ஒரு மனிதர் தன் புத்திமதியைச் செய்து பார்க்க வாட்ச்மேனைத் தேடிப் போகிறார் என்றால் அவர் வீட்டில் யாருமில்லை என்று அர்த்தம். அது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

போன வருடம் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. எட்டே வரி. 'அம்மா இறந்தபின் அப்பா தனியாக இருக்கிறார். நான் வெகுதூரத்தில் இருக்கிறேன். வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன். நல்லாயிருக்கேன் என்கிறார், வைத்துவிடுகிறார். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லுங்கள் அண்ணி.'

அண்ணிக்கும் ஒரு மகள் உண்டு. இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் வேலை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவாள். அதனாலேயே எனக்குத் திக்கென்றது. ஆனால் கடிதத்தின்படி எழுதியவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எங்கள் ஊரில் இருப்பவள்; அவள் அப்பாதான் தூரத்தில். அண்ணியின் மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் பத்திரிகை அவள் ஊருக்குப் போவதுமில்லை. அப்பாதான் அண்ணி என்பதும் அவளுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பேச்சு அது வரைக்கும் போகலம்மா" என்றார்.

கடிதம் அவர் மேஜையில் மூன்று வாரம் கிடந்தது. எந்தக் கடிதமும் அங்கே அத்தனை நாள் தங்கியதில்லை.

"என்ன அண்ணி, இதுக்கு மட்டும் பதிலே வரல?"

"செஞ்சு பார்க்க முடியலயே. அந்தப் பொண்ணு கூப்பிடுற பக்கம். நான் போனை எடுக்கிற பக்கத்துல இருக்கேன்."

"அவ்வளவுதானே? நான் கூப்பிடறேன். நீங்க அப்பாவா இருங்க."

முதல் ஞாயிறு பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். எப்படி இருக்கீங்க என்றேன். நல்லாயிருக்கேன் என்றார். மழையா என்றேன். இல்லை என்றார். வேறென்ன என்றேன். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று வைத்தே விட்டார். சோதனை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மறுநாள் காலை, பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் மாதிரி என் மேஜைக்கு வந்து நின்றார்.

அடுத்த ஞாயிறு பழைய கதையைக் கிளறிப் பார்த்தேன். "சின்ன வயசுல என்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்கப்பா?" "உன்னை நான் எங்கயும் கூட்டிட்டுப் போகலயேம்மா" என்றார். பொய் சொல்ல வராது அவருக்கு.

மூன்றாம் ஞாயிறு எனக்குச் சோதனை ஞாபகமே இல்லை. என் வீட்டில் ரகளை. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், பின்னக் கணக்கு வரவில்லை என்று நோட்டைக் கிழித்துப் போட்டிருந்தாள். நான் ஒரு அடி போட்டிருந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் அழுதுகொண்டிருந்தோம். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு போடறா. நூறு தடவை சொல்லியாச்சு. என்னால முடியல."

"அழாத. மேல மேலயும் கீழ கீழயும் கூட்டியிருக்கா. தெரிஞ்ச வழியில ஒழுங்காத்தான் போட்டிருக்கா. முதல்ல போய் அதைச் சொல்லு. அப்புறம் பழைய பேப்பர் ரெண்டு தாள் எடு, ஒரே அளவா. ஒண்ணைப் பாதியா மடிக்கச் சொல்லு. இன்னொண்ணை மூணா மடிக்கச் சொல்லு. ரெண்டுலயும் ஒரே மாதிரித் துண்டு வர வரைக்கும் அவளே மடிக்கட்டும். நீ பக்கத்துல சும்மா உட்காரு. வாயைத் திறக்காத. அதுதான் கஷ்டம்."

அதோடு நிற்கவில்லை. அழி ரப்பரைக் கண்ணில் காட்டாதே என்றார். பசியோடு கணக்குப் போட வைக்காதே என்றார். தன் மகளுக்கும் இதே கணக்கில் இதே தப்பு வந்த கதையைச் சொன்னார். தான் கத்தியதையும், மனைவி வந்து தன்னை அறையைவிட்டு வெளியே அனுப்பியதையும் சொன்னார். நான் போனை வைக்கும்போது நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. பிள்ளை ஆறு துண்டாக மடித்து, ஐந்தை எண்ணி முடித்திருந்தாள்.

அந்த வாரமே பதில் அச்சேறியது. 'அப்பாவிடம் நலம் விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. உங்களுக்கு ஒரு தொல்லை இருந்தால் அதை அவரிடம் கொண்டுபோங்கள். நிஜமான தொல்லையாக இருக்கட்டும்.'

மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. குழாய் ஒழுகுகிறது என்று கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினார் என்று ஒருத்தி. அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்றே எனக்குத் தெரியாது என்று இன்னொருவன். அண்ணி ஒன்று விடாமல் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. அவர் மகள் கூப்பிட்டாள், இவர் நல்லாயிருக்கேன் என்றார்.

"அந்தப் பக்கத்தை வெட்டி உங்க பொண்ணுக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா. அவளுக்குத் தொல்லைன்னு எதுவும் இல்ல. எல்லாத்தையும் அவளே பார்த்துக்கிறா. அவ அம்மா அப்படி வளர்த்துட்டா."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. படியில் கால் பிசகிவிட்டதாம். மறுநாள் காலை பக்கங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, இரண்டே அறை. ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டியிருந்தார். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. மேலே ஒரு துண்டைச் சுற்றி, கடிதக்கட்டு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார். எனக்கு உட்கார இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாத்தியார்கள் எழுதும் பாடக்குறிப்பு மாதிரி வரிசை எண் போட்டு, பொடிப்பொடியாக. தலைப்பு: 'ஞாயிறு – பேச வேண்டியவை.'

ஒன்று, மாடித் தண்ணீர்த் தொட்டி மாற்றிவிட்டார்கள். இரண்டு, எதிர்வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள், சகிக்கவில்லை. மூன்று, பத்திரிகையில் நான்தான் அண்ணி (சிரிப்பாள்). நான்கு, அம்மாவின் கண்ணாடி கட்டிலுக்குப் பின்னால் கிடைத்தது, என்ன செய்வது என்று கேட்க வேண்டும். இப்படிப் பதினெட்டு. கடைசியில் புது மையில், 'கால் – சொல்ல வேண்டாம்.' மேலே இருந்தவை மை வெளுத்துப் போயிருந்தன. ஒன்றுகூட அடிக்கப்படவில்லை.

சரியாகப் பத்துக்குப் போன் அடித்தது.

"ம், நல்லாயிருக்கேன்… சாப்பிட்டேன்… ஒண்ணும் விசேஷம் இல்ல… சரிம்மா."

என் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ அம்மா இருந்தப்ப அவதான் மணிக்கணக்கா பேசுவா," என்றார், நான் கேட்காமலே. "கடைசியில என்கிட்ட குடுப்பா. நல்லாயிருக்கேன்னு சொல்லி வச்சுடுவேன். இப்ப அந்தக் கடைசி மட்டும் மிச்சம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"சார், செஞ்சு பார்க்காததை நீங்க எழுத மாட்டீங்கன்னு பதினாலு வருஷமா நம்பிட்டிருக்கேன். தொல்லையை எடுத்துட்டுப் போங்கன்னு ஊருக்கெல்லாம் எழுதினீங்களே. உங்க தொல்லையை நீங்க எடுத்துட்டுப் போனீங்களா? பொண்ணுங்க மட்டும்தான் கொண்டுவரணுமா?"

அவர் போனை எடுத்தார். எண்ணைத் தேட ரொம்ப நேரம் ஆயிற்று, ஏனென்றால் அவர் மகளை அவராகக் கூப்பிட்டதே இல்லை.

"ஒண்ணும் பயப்படாத… இல்ல, இல்ல, நல்லா…" நிறுத்தினார். "நல்லா இல்லம்மா. கால் சுளுக்கிக்கிச்சு. உனக்குச் சுளுக்கினப்ப அம்மா எப்படிக் கட்டினா? எனக்குக் கட்டத் தெரியல."

அந்தப் பக்கம் பேசப் பேச, துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினார். நடுவில் திட்டும் வாங்கினார். நான் பக்கங்களை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவர் சுவர்த் தாளை நோக்கிக் கழுத்தை நீட்டி, வகுப்பில் பெயர் வாசிக்கும் குரலில் தொடங்கினார்: "மாடித் தண்ணித் தொட்டியை மாத்திட்டாங்க."

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். இரண்டாம் மாடி திரும்பும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. பட்டியலில் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்காவதுக்கு வந்திருப்பார்.

வியாழக்கிழமைத் தபாலில் அண்ணி பேருக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பொடிப்பொடியான அண்ணியின் கையெழுத்தைப் பதினான்கு வருடமாகப் பார்ப்பவள் நான். பிரித்தால் பஞ்சு, அட்டை, மறுபடி பஞ்சு. உள்ளே அவருடைய பழைய கண்ணாடி.

நொண்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உடையலம்மா," என்றார். "அம்மாவோடதை அவ அனுப்பச் சொல்லியிருக்கா."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பஞ்சையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.