வாசலில் குட்டிச் செருப்பு

சேலையூரில் என் வாடகை வீட்டுக்குக் கீழே, ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் மையம் ஒன்று பெயர்ப்பலகை இல்லாமல் இயங்கியது. அதை நடத்தியவருக்கு ஐம்பது வயதிருக்கும். மீசைக்கு மை, இஸ்திரி கலையாத சட்டை. காலையில் வந்ததும் தன் செருப்பை உள்ளே வைத்துவிட்டு, வாசலில் ஒரு பெண்ணின் செருப்பையும் குழந்தையின் செருப்பையும் எடுத்து வைப்பார்.

"யாரோடதுண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடையில வாங்குனது தம்பி. ஃபேமிலி இருக்கிற வீடுன்னு தெருவுல நினைக்கணும். இங்க யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு வீடு மாறியாச்சு."

ஒரு மதியம், கழுத்திலிருந்த கல்லூரி அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு மாணவன் வந்தான். செருப்புகளைப் பார்த்துத் தயங்கினான். "சாரிண்ணா, வீடு மாறி வந்துட்டேன்" என்று மாடியில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பினான்.

நான் கீழே குரல் கொடுத்தேன். அவர் வெறுங்காலோடு கேம்ப் ரோடு வரை ஓடினார். அதற்குள் அவன் பஸ் ஏறிவிட்டான்.

"நேத்து போன்ல அழுதான் தம்பி. இப்போ சுவிட்ச் ஆஃப். இனிமே வரமாட்டான்" என்றார்.

ஓடும்போது அவர் கால் பட்டு, குட்டிச் செருப்பு ஒன்று புரண்டு கிடந்தது. அதை நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.