வெடித்த நீலக்கண்

தவநாயகி துருக்கிக்குப் போகாமலே இருந்திருக்கலாம். போனவள் மற்றவர்களைப்போல ஒரு செப்புக் குடுவையையோ கம்பளத் துண்டையோ வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். லண்டன் பிளேஸ்டோவில் அவள் வீட்டு நடையில் இடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் தள்ளுவண்டில்கள் அப்படியே நின்றிருக்கும். என்ன செய்வது? அத்தனை சாமான்கள் குவிந்துகிடந்த கடைத்தெருவில் அவள் கை போய்த் தொட்டது அந்தக் கண்ணைத்தான்.

நாற்பத்தாறு வயதுக்காரி. பிள்ளை இல்லை. கொழும்பிலும் பார்த்து, லண்டனிலும் பார்த்து, டொக்டர்மார் கையை விரித்த பிறகு, ஷிப்டுக்குப் போகிற தமிழ்ப் பெண்களின் பிள்ளைகள் நான்கு பேரைப் பகலில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். விடியும் முன்னே கதவு மணி அடிக்கும். நித்திரையோடு ஒரு பிள்ளை தாயின் தோளிலிருந்து அவள் தோளுக்கு மாறும். குழைத்த சோறு, குளிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த முன்னறைக்குள்தான். ‘தவம் அன்ரி’ என்று கூப்பிடுகிற பிள்ளைகள் சில நேரம் மறந்துபோய் ‘அம்மா’ என்றுவிடுவார்கள். அவள் திருத்துவதில்லை. அதைப் பெற்றவர்களிடம் சொன்னதும் இல்லை.

அந்த நான்கு பேரில் ஆரணிமேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலான பாசம். கைக்குழந்தையாக வந்தவள், அந்த வீட்டில்தான் நடை பழகினாள். தாய் சிவமலர் சுப்பர்மார்க்கற்றில் காசு வாங்குகிற இடத்தில் இருந்தாள். நல்ல பெண், ஆனால் எதற்கும் பயந்தவள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடையில் மரியமலருக்குத் துருக்கிக்கு மலிவாக ரிக்கற் கிடைத்தது. மரியமலர் ஹவுன்ஸ்லோவில் இருப்பவள், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி. “பாஸ்போட்டை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூசை செய்யிறியே? வாடி!” என்று அதட்டித்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

கடற்கரைப் பட்டணம் ஒன்று. அங்கே கடைத்தெரு என்றால் கண்கொள்ளாது. பூ வரைந்த பீங்கான் கோப்பைகள், இடை ஒடுங்கிய தேநீர்க் கிளாசுகள், தோல் செருப்புகள், சுருட்டி நிறுத்திய கம்பளங்கள். கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. மரியமலர் ஒரு செப்புக் குடுவைக்காக விலை பேசிப் பேசி, கடைக்காரனே தேநீர் கொடுத்து உட்காரவைக்கும் அளவுக்குப் போய்விட்டாள். தவநாயகி பக்கத்துக் கடையில் நின்றுவிட்டாள். அங்கே நீலக் கண்ணாடிக் கண்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பு மணி. இந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தன, அந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தன.

கடைக்காரி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். ஒரு குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டினாள். பிறகு ‘தூ, தூ’ என்று காற்றில் துப்பினாள். தவநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எடி மலர், இஞ்ச ஓடி வா! இவையளுக்கும் கண்ணூறு இருக்குதடி!”

கடைக்காரி இன்னும் விளக்கினாள். கண்ணாடி தானாக வெடித்தால் பயப்படக் கூடாதாம், பிள்ளைக்கு வந்ததைக் கண்ணாடி வாங்கிக்கொண்டதாம். “பிறேக், குட்! பேபி, குட்!” என்று தலையைத் தலையை ஆட்டினாள். தவநாயகி சட்டையில் குத்துகிற மாதிரியாகப் பிள்ளைக்கு ஒன்றாக நான்கு வாங்கினாள்.

“கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் குடுக்கப் போறியே? இனிப்பு வாங்கு. திண்டிட்டு மறந்திடுவினம்” என்றாள் மரியமலர். அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கொண்டுவந்து கொடுத்ததும் தாய்மாருக்கு என்னவோ நல்ல சந்தோசம். கன்னத்துப் பொட்டை வெள்ளைக்காரர் ஊத்தை என்று நினைக்கிறார்கள், இது வடிவாக இருக்கிறது என்று சொல்லி, காலையில் அனுப்பும்போதே குத்தி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் ஒரு மழை நாள். ஆரணி கம்பளிச் சட்டையில் ஜூஸை ஊற்றிக்கொண்டாள். தவநாயகி அந்த இடத்தைக் கழுவி, சட்டையை ஹீற்றர்மேல் விரித்துவிட்டு, பிள்ளையை நித்திரையாக்கினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தவநாயகி குனிந்து பார்த்தவள் பார்த்தபடியே இருந்துவிட்டாள். எனக்கு இப்படி ஒன்றைத் தந்தால் கடவுளுக்கு என்ன குறைந்துவிடும் என்று மனம் நினைத்தது. பாவம், எத்தனை வருசமாக அடக்கி வைத்த நினைப்பு!

பின்னேரம் சட்டையைப் போட்டுவிடும்போதுதான் கண்டாள். நீலக்கண் நடுவால் இரண்டாக வெடித்திருந்தது. பிள்ளைக்குக் குத்திவிடும் என்று கழற்றி எடுத்தாள்.

பயப்படவில்லை. கடைக்காரி சொன்னது ஞாபகம் இருந்ததே! சிவமலர் வந்து கதவைத் தட்டியதும் சந்தோசமாகவே சொன்னாள்.

“பாத்தீரே, வெடிச்சுப் போச்சு. பிள்ளைக்கு வந்ததைக் கண்ணாடி வாங்கிப் போட்டுது. நல்லது!”

சிவமலர் சட்டையைத் தடவிப் பார்த்தாள். “காலமை நான் குத்திவிடேக்க நல்லாத்தானே இருந்தது, அக்கா?”

“ஓம், நானும் கண்டனான்.”

“இண்டைக்கு வீட்டுக்கு ஆரும் வந்தவையே?”

“இந்த மழைக்குள்ள ஆர் வரப்போயினம்? நானும் பிள்ளையளும்தான்.”

சிவமலர் பிள்ளையின் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கினாள். கதவைச் சாத்தின பிறகுதான் தவநாயகிக்கு உறைத்தது. கண்ணூறு பட்டு வெடித்தது என்று தன் வாயாலேயே சொன்னாள். வீட்டில் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்றும் தன் வாயாலேயே சொன்னாள்.

அடுத்த நாள் ஆரணி வரவில்லை, சளி என்றார்கள். பிறகு காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி. அந்த வாரத்திலேயே ஒரு பிள்ளையின் மாமி கனடாவில் இருந்து வந்துவிட்டாளாம், இனிப் பார்க்க ஆள் இருக்கிறதாம். இன்னொரு பிள்ளையின் தாய்க்கு ஷிப்ட் மாறிவிட்டதாம். நம்முடைய சனத்துக்குப் பொய் சொல்லத்தான் எவ்வளவு மரியாதையான வழிகள்! அவர்களில் ஒருத்தி தன் பிள்ளையின் நீலக்கண்ணைக் கடதாசியில் சுற்றி, கதவுத் துவாரத்தால் உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரேயொரு பிள்ளை.

புருசன் கனகலிங்கம் வெடித்த கண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

“இஞ்சரும், ஈரச் சட்டையை எங்க காயப்போட்டனீர்?”

“ஹீற்றரில.”

“அதுதான்! குளிர்க் கண்ணாடியைச் சூட்டில வைச்சால் வெடிக்காமல் என்ன செய்யும்? போய்ச் சிவமலரிட்டச் சொல்லும்.”

அட கடவுளே, இது இவ்வளவுதானா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சொன்னால் சிவமலர் விளங்கிக்கொள்வாள். ஆரணி திரும்பி வருவாள், ஆரணி வந்தால் மற்றவர்களும் வருவார்கள். ஆனால் சமையலறைக்குள் போனதும் இன்னொரு கேள்வி வந்து பிடித்துக்கொண்டது. வெடித்தது ஹீற்றரில் வைத்த உடனேயா, அல்லது நான் பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதா? அந்த நினைப்பைப் புருசனிடம் அவள் சொல்லவில்லை.

ஆரணி சுகமாகிவிட்டாள் என்று கேள்விப்பட்ட வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். சிவமலர் வெள்ளி தவறமாட்டாள். ரெயினில் முழுத்தூரமும் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். ‘சிவமலர், அது ஹீற்றர் சூட்டில வெடிச்சது.’ வேறொன்றும் வேண்டாம், அது போதும்.

கோயில் வாசலில் சப்பாத்து வைக்கிற இடத்தில் சிவமலர் நின்றாள். மெலிந்துபோன ஆரணி பக்கத்தில். தவநாயகியைக் கண்டதும் சிவமலரின் கை பிள்ளையின் தோளுக்குப் போனது. ஆனால் இறுக்கிப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் சோறூட்டிய மனிசியாச்சே என்று அவளுக்கும் மனம் இளகியிருக்கவேண்டும். “வாங்கோ அக்கா” என்றுகூடச் சொன்னாள்.

“சிவமலர், அது…” என்று தொடங்கினாள் தவநாயகி.

“தவம் அன்ரி!” ஆரணி கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

கண்ணுக்குக் கீழே கருவளையம். காய்ச்சலில் வற்றிய கன்னம். எவ்வளவு ஆசை, அள்ளித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க! அந்த ஆசை எழும்பின அதே கணத்தில் தவநாயகிக்கு அந்த மழை நாள் பார்வை ஞாபகம் வந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பி, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

“ஏன் அன்ரி கண்ணை மூடுறீங்கள்?” என்று பிள்ளை கேட்டது.

தவநாயகி கண்ணைத் திறக்கவில்லை. ஹீற்றர் வசனம் வாய்க்குள்ளேயே கிடந்தது. அவள் கண்ணை மூடியதைச் சிவமலர் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதுவரை அவளுக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான். முழங்காலைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுவது தவநாயகிக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை கடைசிப் பிள்ளையும் வரவில்லை.