வளைவில் விட்ட கூர்

கறிக்கடையில் தோல் உரிக்கிறவருக்குக் கை நடுங்குகிறது என்றால் அது விளையாட்டா? காய்ச்சல் வந்து போனதிலிருந்து இந்தத் தொல்லை. முதலாளிக்குத் தெரியாது, பெண்டாட்டிக்குத் தெரியும். நடுங்குகிற கையைச் சாணைக்கல் பக்கம் விட மனமில்லாமல், கத்தி தீட்டும் வேலையையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கத்தி லேசுப்பட்டதல்ல. பாதிவரை நேராக வந்து, நுனிக்குப் போகையில் மேலே வளையும். நேர்ப்பகுதியை யார் வேண்டுமானாலும் தீட்டிவிடலாம். வளைவு வந்ததும், இழுக்கிற இழுப்பிலேயே பிடியைக் கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வளைவு கல்லில் படவே படாது. சமையல் மேடையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, தட்டுத்தடுமாறி அதையும் பழகிவிட்டாள், கெட்டிக்காரி.

அன்று காலை அவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. அதைப் பார்த்ததும் இவள் புத்தி புல் மேயப் போய்விட்டது. கத்தியைத் தீட்டுகையில், வளைவு வந்தபோது வேண்டுமென்றே பிடியை உயர்த்தாமல் விட்டாள். கூர் குறைந்தால் காயமும் குறையும் என்று கணக்கு. அவர் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சமைக்கும்போது, வீட்டிலிருந்த மொட்டைக் கத்தியால் பூசணிக்காயை வெட்டினாள். இறங்கவில்லை. பலங்கொண்டமட்டும் அழுத்தினாள். கத்தி வழுக்கி, விரலை ஒட்டிப் போய் நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் இப்படித்தானே அழுத்துவார்? அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

கடைக்குப் பின்னால் பெஞ்சில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் முதலில் விரல்களைத்தான் பார்த்தாள். எல்லாம் இருந்தன. மூச்சு வந்தது.

"எங்கயாவது பட்டுச்சாங்க?"

"ஒண்ணுமில்ல. உக்காரு. முதல் இழுப்புலயே தெரிஞ்சுபோச்சு. வளைவ மட்டும் விட்டிருக்க. நீ மறக்கிற ஆளா?"

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பயமா இருந்துச்சுங்க."

"தெரியும். அதான் முதலாளிகிட்ட கை நடுங்குதுன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, ஏங்க சொன்னீங்க? வேலை போயிட்டா?"

"யோசிச்சுச் சொல்றேன்னாரு. போனாலும் போகட்டும்." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தக் கைய இத்தன நாளும் நீ நம்புறேன்னு நெனச்சுத்தான் கத்திய எடுத்தேன்."